தைத்துக் கொடுத்த மூட்டை

"உங்க கையில பணத்தைக் குடுத்துட்டு, அதை எதுக்குச் செலவு பண்ணீங்கன்னு யாருமே கேக்கமாட்டாங்கன்னா, முதல்ல என்னக்கா செய்வீங்க?"

ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து உதவிப் பணத்துக்குப் பெயர் எழுத வந்த பெண், செல்போனைவிடப் பெரிதாக ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டது மெதுவுக்குப் புதிதாக இருந்தது. எத்தனை கல் அறுத்தே, சோறு வெந்துச்சா, உன் புருஷன் எங்கே என்ற மூன்று கேள்விகளைத் தவிர வேறெதையும் அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றாள்.

மெதுவு என்பது செங்கல் சூளையில் அவளுக்கு வைத்த பெயர். கை மெதுவில்லை. ஈர மண்ணை அச்சில் அறைந்து கவிழ்ப்பதில் அவளை முந்த அந்தச் சூளையில் ஆள் கிடையாது. பேச்சுதான் மெதுவு. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. வந்த பதில் மாறாது.

பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்காரி அப்படியில்லை. மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தாலும் அவள் பார்க்காதது ஊரில் எதுவுமில்லை. அதே கேள்விக்கு ஒரே மூச்சில் டிவி, கம்மல், கட்டில், மருமகளுக்குத் தனி வீடு என்று அடுக்கிவிட்டு, "எழுதிக்கிட்டியா? மருமக வீடு கொஞ்சம் தூரமா இருக்கட்டும்னு சேர்த்து எழுதிக்க" என்றாள்.

மெதுவுக்குப் பதில் மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் அந்தப் பெண் அடுத்த ஊருக்குப் போயிருந்தாள். மெதுவு அங்கே நடந்தே போய், ஒரு மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்து, "எங்க கொல்லையில போடுற கடலைய எங்க கையாலயே பிடுங்குவோம்" என்றாள்.

"அதுக்கு எதுக்குக்கா பணம்? போட்டா பிடுங்க வேண்டியதுதானே?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் மழைக்கு மெதுவும் அவள் புருஷனும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் துண்டு நிலத்தில் நிலக்கடலை ஊன்றுவார்கள். செடி படர்ந்து, பூத்து, பூவின் காம்பெல்லாம் மண்ணுக்குள் மூக்கை நுழைக்கிற நேரம் பார்த்து வீட்டில் அரிசிப் பானை காலியாகும். பானை காலியாவதை எந்த மோப்பத்தில் கண்டுபிடிப்பாரோ, சரியாக அந்த வாரம் சூளை மேஸ்திரியின் டெம்போ ஊருக்குள் வரும். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. மூட்டையை வாங்கினால் அது வாக்கு. மறுநாள் விடியும்போது லாரி வரும், சட்டிபானையோடு குடும்பமே ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் மேலே இருந்த செடி ஊர் ஆடுகளுக்கும் கீழே இருந்த கடலை எலிகளுக்கும் போயிருக்கும். விதைக்கிறது இவர்கள், விருந்து அவற்றுக்கு. பதினோரு வருஷம் கடலை போட்டிருக்கிறாள். ஒரு வருஷம்கூடப் பிடுங்கியதில்லை.

எழுதிக்கொண்டிருந்த பெண் விரலை நிறுத்திவிட்டாள்.

"அப்ப உங்களுக்கு என்னதான்க்கா வேணும்?"

"காய் முத்துற வரைக்கும் சோறு. சுத்தி ஒரு வேலி. அவ்வளவுதான்."

பணம் வருவதற்கு முன்னால் வதந்தி வந்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சும்மா யாராவது பணம் கொடுப்பார்களா, ராத்திரி வண்டியில் வந்து கிட்னியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்கள். "என் கிட்னிய எடுத்தா எடுத்தவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் கண்ணாடிக்காரி.

பிறகு ஒரு மத்தியானம் மெதுவின் வீட்டுப் பட்டன் போன் கூரைக் கம்பில் தொங்கியபடி டிங் என்றது. பெரியவள்தான் வாசித்தாள். பதிமூன்று வயது, ஆறு மாதம் பள்ளிக்கூடம், ஆறு மாதம் சூளை என்று படித்த படிப்பில் எண்கள் மட்டும் நன்றாக ஒட்டியிருந்தன. தொகையின் வாலில் இருந்த முட்டைகளை ஒருமுறை எண்ணினாள், மறுபடி எண்ணினாள், மூன்றாம் முறை தங்கையையும் கூட்டி வைத்து எண்ணினாள்.

"அப்பா, வந்துடுச்சுப்பா."

அவர் செய்த முதல் வேலை போனைப் பிடுங்கி அணைத்ததுதான். "நம்பர் மாறி வந்திருக்கும். திரும்பக் கேட்டுப் போன் பண்ணுவாங்க. ரெண்டு நாள் யாரும் எடுக்காதீங்க" என்று அதைத் துணியில் சுற்றிப் பானைக்குள் வைத்தார். மூன்றாம் நாள் கண்ணாடிக்காரி புதுக் கம்மலோடு வந்து நின்ற பிறகுதான் போன் பானையிலிருந்து வெளியே வந்தது.

அதற்கப்புறம் அந்த வீடு வீடாகவா இருந்தது! கொல்லையைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. கூரையின் ஒழுகுகிற பாதிக்குத் தகரம் வந்தது. கழுத்து வரை அரிசியோடு மூடி போட்ட தகர டிரம் வந்தது. சின்னவள் அழுததில் ஆறு கோழிகள் வந்தன. ஆறு வயதுக்காரி ஒவ்வொரு கோழிக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள். ஒன்று டீச்சர், ஒன்று டிரைவர், ஒன்று போலீஸ். மெதுவின் புருஷன் சாயங்காலமானால் வேலியோரம் போய்க் கம்பியைச் சுண்டி விட்டு அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் வெளியே நின்ற ஆடு உள்ளே பார்த்து ஏங்கியது. "என்ன மச்சான், இந்த வருஷம் விருந்து இல்லியா?" என்று அதனிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து மெதுவு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பானை காலியாகாத அந்த வருஷமும் மேஸ்திரி வழக்கமான வாரத்தில் வந்தார்.

அப்போது மெதுவு கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரே ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேரோடு கொத்தாகக் காய்கள் வந்தன. ஒன்றை உடைத்தாள். பருப்பு இன்னும் வெள்ளையாக, நீர் கோத்து, குழந்தையின் பல் மாதிரி இருந்தது. ஓட்டின் உள்பக்கம் கறுப்பு ஏறவில்லை. இன்னும் இருபது நாள். இருபது நாள் இங்கே இருந்தால் போதும்.

பெரியவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா, அப்பா மூட்டைய வாங்கிட்டாரு."

மெதுவுக்குக் கேட்டது புரிய நேரமாகவில்லை. செடியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

வீட்டுக்குள் புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நடுவீட்டில் மூட்டை கவிழ்ந்து கிடந்தது. வாய் திறந்து, சாணம் மெழுகிய தரையில் அரிசி ஆறாக ஓடியிருந்தது. டீச்சர், டிரைவர், போலீஸ் உட்பட ஆறு கோழிகளும் பந்தியில் உட்கார்ந்திருந்தன. சின்னவள் ஒரு முழ நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மூலையில் ஒட்டியிருந்தாள்.

"வேணாம்னு சொல்லத்தான் நான் வாசலுக்குப் போனேன்" என்றார் அவர். "சத்தியமாச் சொல்றேன், வேணாம்னு வாயில வந்துடுச்சு. அவரு மூட்டையத் தூக்கி டெம்போ விளிம்புல சாய்ச்சாரு. தோள் தானாப் போய்க் கீழ நின்னுடுச்சு."

அந்தத் தோளை மெதுவுக்குத் தெரியும். இருபது வருஷமாகச் சுமை தூக்கிய தோள். எங்கேயாவது ஒரு மூட்டை சரிந்தால், யார் மூட்டை என்று கேட்காமல் போய்த் தாங்கும். தூக்கத்தில்கூட அவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் படுப்பார்.

"தூக்கினது தூக்கினீங்க, வாசல்லயே இறக்கி வெச்சிருக்கக் கூடாதா?"

"உள்ள கொண்டாந்து வெச்சுதானே பழக்கம்?"

"நூலை யார் இழுத்தா?"

மூலையிலிருந்து விசும்பல் கேட்டது. மில்லில் மிஷின் போட்டுத் தைத்த கோணியின் வாயில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், தையல் முழுவதும் சர்ரென்று ஒரே ஓட்டமாக வந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சர்ரென்ற சந்தோஷம் சின்னவளுக்கு உரியது. இந்த வருஷம் இழுக்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மேஸ்திரியின் சட்டத்தில் இதற்கு மன்னிப்பே கிடையாது. பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டு வாங்கிக்கொள்வார். பிரித்துவிட்டால் தின்றதாகக் கணக்கு. போன வருஷம் ஒருவன் இரண்டு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு படிக்கு இரண்டு மாதம் மண் மிதித்தான்.

"ஏங்க, அவரு எங்க போயிருக்காரு?"

"கடைசித் தெருவுக்கு. மூட்டையெல்லாம் இறக்கிட்டு இந்த வழியாத்தான் திரும்பணும். வேற ரோடு ஏது?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "போனதும் லாரிக்குப் பேர் சொல்லிடுவாரு. விடு, நான் மட்டும் போயிட்டு வரேன். நீயும் புள்ளைங்களும் இருந்து பிடுங்குங்க."

"குடும்பத்துக்குத்தான் மூட்டை. உங்களை மட்டும் ஏத்திக்குவாரா? சின்னவளையும் சேர்த்துதான் ஏத்துவாரு." சொல்லிக்கொண்டே அவள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டாள். "பெரியவளே, கோழிய விரட்டு. ஏங்க, டிரம்மைச் சாயுங்க. தரையில கெடக்குறது நமக்கு. கழுவிப் பொங்கினா மண்ணு போயிடும். டிரம்ல இருக்கிறது அவருக்கு."

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் எழுந்த வேகத்தில் கூரைக் கம்பில் தலை இடித்தது. அது அவருக்கு உறைக்கவில்லை.

டிரம்மிலிருந்து படிபடியாக அள்ளிக் கோணியில் கொட்டினார்கள். பெரியவள் கோணியின் வாயை விரித்துப் பிடித்தாள். சின்னவள் அழுகையை மறந்துவிட்டு, போலீஸ் கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலில் காவல் நின்றாள்.

"டெம்போ வருதா?"

"இல்லம்மா. நாய்தான் வருது."

கோணி நிறைந்த மாதிரி இருந்தது. நிறைந்த மாதிரி இருந்தால் போதாது. நிறுத்துப் பார்க்கக் கடைக்குப் போய்வர நேரமில்லை. மெதுவு அவரைப் பார்த்தாள்.

"தூக்குங்க. உங்க தோளுக்குத் தெரியாத எடையா?"

அவர் குனிந்து, கோணியை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளில் ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி முன்னால் வைத்தார், இரண்டடி பின்னால் வைத்தார். மூத்த வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இருந்தது.

"குறையுது."

"எவ்வளவு?"

"ஒரு படி. கொஞ்சம் மேல."

அவள் ஒன்றரைப் படி போட்டாள். அவர் மறுபடி தூக்கினார்.

"இப்ப சரி. ஐம்பது கிலோ."

அவள் இன்னும் ஒரு படி அள்ளிக் கொட்டினாள்.

"ஏய், சரியா இருக்குன்னு சொல்றேன்ல?"

"சரியா இருந்தா சண்டைக்கு வருவாரு. அதிகமா இருக்கட்டும்."

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சாண் இருந்தது. தரை அரிசியையும் சேர்த்தால் இருபது நாள் தாங்கும். தாங்காவிட்டாலும் கோழி முட்டையிடும், வேலிக்குள் கடலை இருக்கும். உட்கார்ந்து யோசிக்கிற நேரமா இது? தைக்கக் கோணி ஊசி வேண்டும். அது கண்ணாடிக்காரியிடம்தான் இருந்தது.

கண்ணாடிக்காரி வாசலில், இறக்கி வைத்த மூட்டைக்குப் பக்கத்தில், சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கம்மல் ஆடியது.

"அக்கா, கோணி ஊசி குடுங்க. சீக்கிரம்."

"அடியே, நீ ஓடிக்கூட வருவியா? என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"மேஸ்திரி மூட்டையத் தைக்கணும்."

"தைக்கவா? பிரிக்கத்தானேடி எல்லாரும் பார்ப்பாங்க."

"திருப்பிக் குடுக்கப் போறேன். நாங்க இந்த வருஷம் போகல."

கண்ணாடிக்காரியின் கை நின்றது. விரிசல் வழியாகவும் விரிசல் இல்லாத வழியாகவும் மெதுவைப் பார்த்தாள். உள்ளே போய் ஊசியை எடுத்து வந்து கொடுத்தாள்.

"நீங்க எதுக்குக்கா சட்டி கட்டுறீங்க? உங்களுக்கும்தானே பணம் வந்துச்சு?"

"வந்துச்சுதான்." கண்ணாடிக்காரி தன் மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "மூட்டை வந்துச்சு, அதான் கட்டுறேன். வருஷா வருஷம் அப்படித்தானேடி?"

மெதுவுக்கு நின்று பேச நேரமில்லை.

அவள் குந்தி உட்கார்ந்து தைத்தாள். பெரியவள் கோணியின் இரு விளிம்பையும் சேர்த்துப் பிடித்தாள். சணல் உள்ளங்கையை அறுத்தது. மிஷின் தையலின் அதே ஓட்டைகளில் போட நினைத்தாள், பாதியில் விட்டுவிட்டாள். பிரித்ததை மறைக்க அவளுக்கு விருப்பமில்லை. இரட்டைச் சணலாக, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கோணல்மாணலாக, ஆனால் இரும்பு மாதிரி தைத்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடிக்கும்போது வாசலில் சின்னவள் கத்தினாள்.

"டெம்போ!"

அவர் மூட்டையைத் தோளில் ஏற்றினார். மெதுவு முன்னால் ஓடி ரோட்டின் நடுவில் நின்றாள். டெம்போ அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

மேஸ்திரி இறங்கினார். குண்டான, சிரித்த முகக்காரர். அவர் யாரையும் திட்டி யாரும் கேட்டதில்லை. பேசியே ஆளை லாரியில் ஏற்றிவிடுவார். அவர் ஐந்து நிமிஷம் பேசினால் கேட்பவனுக்குத் தன் பெயரே மறந்துபோகும் என்று சூளையில் சொல்வார்கள்.

"என்ன தங்கச்சி, வழியனுப்ப ரோட்டுக்கே வந்துட்டே? என்ன மாப்ளே, உள்ள கொண்டுபோன மூட்டை வெளிய நடந்து வருது?"

"நாங்க இந்த வருஷம் வரலண்ணே. மூட்டை இந்தாங்க" என்றாள் மெதுவு.

அவர் மூட்டையின் வாயைப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். சிரிப்பு குறையவில்லை.

"பிரிச்சாச்சு போலிருக்கே. கறந்த பால் மடி புகுமா தங்கச்சி?"

"பால் புகாதுண்ணே. அரிசி கோணிக்குள்ள புகும். புகுந்துடுச்சு."

டெம்போவின் சத்தம் நின்றதால் தெருவில் ஒவ்வொரு வாசலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"நாங்க இன்னும் உலையே வைக்கல. நிறுத்துப் பாருங்க."

அரை மூட்டை கேட்கிற வீடுகளுக்காக அவரிடம் ஒரு தூக்குத் தராசு இருந்தது. டெம்போவின் இரும்புச் சட்டத்தில் அதை மாட்டினார். மெதுவின் புருஷன் மூட்டையைத் தூக்கிக் கொக்கியில் கோத்தார். முள் ஆடியது, தயங்கியது, நின்றது. ஐம்பதைத் தாண்டி நின்றது.

"அதிகம் இருக்கு" என்றார் மேஸ்திரி. குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வெச்சுக்குங்க. டெம்போ டீசலுக்கு."

இப்போது தெருவே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அவர் அவளை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார். தோளில் கை போட்டார்.

"மாப்ளே, பணம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனா வர்ற பணம் வந்த வழியே போகும். மழைத்தண்ணி மாதிரி. சூளை எங்கயும் போகாது. இந்த வருஷம் உன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னா, அடுத்த வருஷம் நீ வந்து நின்னா நான் என்ன செய்ய முடியும், சொல்லு? நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பொம்பளைங்க பேச்சு கொல்லையோட நிக்கும்."

புருஷன் மெதுவைப் பார்த்தார். பார்வையில் பயம் இருந்தது. அந்தத் தோள் மேஸ்திரியின் கைக்கு அடியில் மெல்லத் தாழ்வதை மெதுவு கண்டாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று கண்ணால் கெஞ்சினாள்.

அவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினார். சுமையை இறக்கின பிறகு குலுக்குவாரே, அதே குலுக்கல். மேஸ்திரியின் கை நழுவியது.

"பால் கட்டி நிக்குதுண்ணே கடலை" என்றார் அவர். "இருபது நாள்ல முத்திடும். நான் எப்படி வர்றது?"

"கடலைக்காகவா மாப்ளே?"

"பதினோரு வருஷமா ஆட்டுக்குப் போட்டோம். இந்த வருஷம் கம்பி போட்டிருக்கோம். வாங்களேன், பார்த்துட்டுப் போங்க." கேட்கும்போது அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. கிண்டலில்லை, உண்மையாகவே காட்ட ஆசைப்பட்டார்.

மேஸ்திரி பதிலுக்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பின்னாலிருந்து, "வழி விடுங்கடி, வழி விடுங்க" என்று குரல் வந்தது. கண்ணாடிக்காரியின் மகன் பிரிக்காத மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். கண்ணாடிக்காரி பின்னாலிருந்து அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது.

"இந்தாங்க மேஸ்திரி. இதுவும் உங்களுதுதான். நாங்க நூலைக்கூடத் தொடல" என்றாள். "எறக்குடா, பார்த்து. அவர் கால்ல போட்டுடாதே."

மூட்டை மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தது. தெருவின் மறுகோடியில் யாரோ வீட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. இன்னொரு வீட்டிலிருந்து, "எங்க மூட்டையப் பிரிச்சிட்டீங்களா, பிரிக்காதீங்க, பிரிக்காதீங்க" என்று ஒரு பெண்குரல் பதறியது.

மேஸ்திரி இரண்டு மூட்டைகளையும் பார்த்தார். தொங்கிய மூட்டையை இறக்கிவிட்டு, தராசைக் கழற்றி, அதன் கொக்கியை மடக்கினார். மெதுவின் புருஷன் பழக்க தோஷத்தில் இரண்டையும் தூக்கி டெம்போவில் ஏற்றிக் கொடுத்தார். எல்லாரும் மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பெயர் எழுதிய தாளை எடுத்தார், பார்த்தார், நான்காக மடித்து மறுபடி உள்ளே வைத்தார். டெம்போவில் ஏறி உட்கார்ந்தார். மெதுவு ரோட்டை விட்டு ஓரமாக நகர்ந்து வழி கொடுத்தாள். அவர் வண்டியைக் கிளப்பி, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.